வலது பக்கம், கீழே

நகராட்சி அலுவலகத்து விண்ணப்பப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. சேர்ந்த இரண்டாம் வாரமே 'சிவப்பு மை' என்று பேர் விழுந்துவிட்டது. வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டுமா, கடைக்கு உரிமம் வேண்டுமா, யார் எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்ப்பாள். தேதி விட்டுப் போயிருந்தாலோ, கையெழுத்து இடம் மாறியிருந்தாலோ, சிவப்புப் பேனாவைத் திறந்து அங்கே ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, மேலிடத்திலிருந்து போன் வந்தாலும் சரி, வட்டம் வட்டம்தான். ஈவு இரக்கமில்லாத பொம்பளை என்று வாசலில் திட்டிக்கொண்டே போனவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவள் கை பட்டு உள்ளே போன விண்ணப்பம் ஒன்றுகூட எந்த மேசையிலும் தடுக்கி நின்றதில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஒரு டிராயிங் வாத்தியார். அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையும் பூத்தொட்டியும் வரையச் சொல்லிக் கொடுப்பவர். ஒரே இழுப்பில் குதிரை வரைந்துவிடுவார், ஒரு கட்டத்துக்குள் ஓர் எழுத்தை அடக்கி எழுத மட்டும் வராது. அவர் பேரின் கடைசி இரண்டு எழுத்துகள் எப்போதும் கட்டத்தை விட்டு வெளியே குதித்துத்தான் நிற்கும். கல்யாணமான புதிதில் வங்கிக் கணக்குக்காக அவர் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அவளே எழுதிவிடுவாள். எழுதி முடித்து, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள்.

"எங்கே?" என்பார் அவர், பேனாவைத் திறந்துகொண்டே.

"குறி போட்டிருக்கேன்ல? வலது பக்கம், கீழே."

அவர் போடுவார். மை காய்ந்ததும் அவள் ரப்பரை எடுத்துக் குறியை அழிப்பாள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தாளில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

"நீ என் சொத்தையே எழுதி வாங்கினாலும் எனக்குத் தெரியாது" என்பார்.

"எழுதி வாங்க என்ன இருக்கு? நாலு பிரஷ்ஷும் ஒரு குடையும்" என்பாள் அவள்.

அவருக்கென்று அவர் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்ட ஒரே விஷயம் ஓட்டு. யாருக்குப் போட்டார் என்று எத்தனை தரம் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். ஒவ்வொரு தேர்தலிலும் அவள் கேட்பாள், அவர் மேலே பார்த்துக்கொண்டு சீட்டியடிப்பார். "பெரிய ராணுவ ரகசியம்" என்று அவள் உதட்டைச் சுழிப்பாள். அந்த வீட்டில் அதுவும் ஒரு விளையாட்டு.

இந்த முறை சட்டமன்றத் தேர்தலை மூன்று கட்டமாக நடத்தினார்கள். மாநிலத்து மாவட்டங்களை மூன்றாகப் பிரித்து, ஒரு மாவட்டத்து ஊழியர்களை இன்னொரு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். தெரிந்த முகம், வேண்டிய முகம் என்ற பேச்சே வரக்கூடாதாம். அப்படிப் போகிறவர்கள் தங்கள் ஓட்டைத் தபாலில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வாத்தியாருக்கு வந்த உத்தரவில் ஆறு மணி நேரப் பயணத்திலிருக்கும் ஒரு மாவட்டம் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, 'வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்' என்றும் இருந்தது.

வாழ்க்கையிலேயே அந்தத் தாளைத்தான் அவர் முழுசாகப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பள்ளியில் டிராயிங் வாத்தியார் என்றால் கணக்கு வாத்தியார் லீவு போடும்போது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிற ஆள், அவ்வளவுதான். அவரைப் போய் ஓர் இடத்துக்குத் தலைமை என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

கெட்ட நேரம், அந்த மாதம்தான் மாடிப்படி ஏறினால் அவருக்கு நெஞ்சை அடைக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் மூன்று வாரம் ஓய்வு என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவள் அன்றைக்கே தேர்தல் வேலையிலிருந்து விலக்குக் கேட்கும் படிவத்தை வாங்கிவந்தாள். எழுதினாள், டாக்டர் சீட்டை இணைத்தாள், பென்சில் குறி போட்டாள், சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் அந்தத் தாளைத் தொடவில்லை.

"ஊரே வேலை பாக்குது. நான் மட்டும் படுத்துக்கவா?"

"படுத்துக்கங்கன்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு."

"ரெண்டு நாள் உட்கார்ந்து பாக்கற வேலைதானே. மண்ணா சுமக்கப் போறேன்?"

"உங்களைத் தலைமைன்னு போட்டதும் தலைகால் புரியல உங்களுக்கு."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவர் முகம் சின்னதாகிவிட்டது. சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து கை கழுவினார். இவளுக்கும் கோபம் அடங்கவில்லை. பக்கத்தில் கிடந்த தபால் ஓட்டுக் கட்டைத் தூக்கி அவர் முன்னால் போட்டாள்.

"சரி, நீங்க பெரிய ஆபீசர். இனிமே உங்க ஃபாரத்தை நீங்களே எழுதிக்குங்க. என்ன லட்சணத்துல எழுதறீங்கன்னு நானும் பாக்கறேன்."

"பாரேன். ஒரு தப்பு இருக்காது" என்றார் அவர்.

அன்று மத்தியானம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தூரத்திலிருந்தே அவளுக்குக் காட்டினார். "முடிஞ்சுது." வாங்கிப் பார்க்க அவள் கை துடித்தது. இத்தனைக்கும் அது அவள் தொழில். ஆனால் வீம்பு யாரை விட்டது? அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு "வர்றேன்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் அந்த உறையைப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் கட்ட ஓட்டுப்பதிவு நாளில், பிற்பகல் மூன்றரை மணிக்கு, "கொஞ்சம் உட்கார்றேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வாக்குச்சாவடியில் இருபது நிமிஷம் ஓட்டுப்பதிவு தடைபட்டதாக மறுநாள் பேப்பரில் ஒரு வரி வந்தது. இருபது நிமிஷம்தான். அப்புறம் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வரிசை நகர்ந்திருக்கும். அவளால் அந்த வரியைத் தாண்டி எதையும் படிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஓட்டு எண்ணும் வேலைக்கு வரச்சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது. பட்டியலை எடுத்த மகராசன் வீட்டு நிலவரமெல்லாம் விசாரிப்பானா?

"ஒரு லெட்டர் குடுத்தா விட்டுடுவாங்கம்மா" என்றாள் மகள். வெளியூரில் நர்சிங் படிப்பவள், அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "இந்த நிலைமையில நீ போகணுமா?"

அவள் அந்த உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், தபால் ஓட்டுப் பிரிவு எழுத்தரின் முன்னால் நின்றாள். விண்ணப்பம் கொடுக்க வந்தவர்கள் தன் முன்னால் எப்படி நிற்பார்களோ, அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டு வந்திருக்கான்னு பாக்கணும். அப்புறம்... ஆள் இல்லாமப் போயிட்டாரு. அந்த ஓட்டு செல்லுமா?"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "வந்துடுச்சும்மா. போட்டப்ப உயிரோட இருந்தாருல்ல? செல்லும்."

செல்லும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இந்தத் தேர்தலுக்காகத்தானே போனார்? போனதற்கு அந்த ஒரு ஓட்டாவது எண்ணிக்கையில் ஏறட்டும். அது ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால், அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டியதற்கு ஏதோ ஒரு விதத்தில் பதில் சொன்னது மாதிரி இருக்கும். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவளுக்கே தெரியும்.

எண்ணும் இடம் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கம். பந்து விளையாடுகிற கோடுகளுக்கு மேலே மேசைகளை வரிசையாகப் போட்டு, கம்பி வலை அடித்து, வலைக்கு அந்தப் பக்கம் கட்சி ஏஜென்டுகளை உட்கார வைத்திருந்தார்கள். படிவம் பார்க்கத் தெரிந்தவர்களைத்தான் தபால் ஓட்டு மேசையில் போடுவார்கள். சிவப்பு மையின் புகழ் தேர்தல் அலுவலகம் வரை எட்டியிருந்ததால் அவள் பாடு சுலபமாயிற்று. மேசைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் குடிநீர்த் துறை இன்ஜினியர் ஒருவர். தங்கமான மனுஷன், ஆனால் ஒரு முடிவெடுப்பதற்குள் நாலு தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

காலை எட்டு மணிக்கு முதலில் எடுத்தது தபால் ஓட்டைத்தான். வேலை இதுதான்: பெரிய உறையைப் பிரித்தால் உள்ளே ஓர் உறுதிமொழித் தாளும், ஒட்டிய சின்ன உறை ஒன்றும் இருக்கும். ஓட்டுச் சீட்டு சின்ன உறைக்குள். முதலில் தாளைப் பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்து, வலது பக்கம் கீழே அதற்குச் சாட்சியாக ஓர் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும். இரண்டும் சரியாக இருந்தால்தான் சின்ன உறையைத் திறக்கலாம். இல்லாவிட்டால் திறக்காமலேயே தள்ளுபடி. உள்ளே யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாமலேயே மூட்டை கட்டிவிடுவார்கள்.

அவள் கை இயந்திரமாக ஓடியது. பிரி, பார், சரி. பிரி, பார், சரி. பத்து மணிக்கு ஒரு நர்ஸின் உறை வந்தது. அந்த அம்மாள் தன் கையெழுத்தை அதிகாரியின் இடத்தில் போட்டிருந்தாள். நடுவில் காலி, முத்திரையும் இல்லை.

"தள்ளுபடி" என்றாள் சிவப்பு மை.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து, சட்டைப்பையில் நாலு பேனா செருகியிருந்த ஏஜென்ட் ஒருவர் எழுந்துவிட்டார். "என்னம்மா இது, கையெழுத்துதான் இருக்கே! எடம் மாறிப் போச்சு, அவ்வளவுதானே? ராத்திரி பகல்னு வேலை பாக்கறவங்க, பாவம், அவசரத்துல போட்டிருப்பாங்க."

"எடம் மாறினா மாறினதுதாங்க."

"ஒரு மனுஷியோட ஓட்டும்மா அது!"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் என்ன பண்ண?"

இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்தார். நாலு பேனாக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் தள்ளுபடிப் பதிவேட்டில் காரணத்தைச் சிவப்பு மையில் எழுதி, அடுத்த உறையை எடுத்தாள். மனசில் ஒரு சலனமும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பதினொன்றரை இருக்கும். முதல் சுற்று நிலவரம் என்று ஒலிபெருக்கி அலறியது. ஏஜென்டுகள் அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு அறிவிப்புப் பலகைக்கு ஓடினார்கள். அவள் அடுத்த உறையைக் கையில் எடுத்தாள். மேலே அனுப்புநர் பேரில், கடைசி இரண்டு எழுத்துகள் கட்டத்தை விட்டு வெளியே குதித்து நின்றன.

பிரித்தாள். நேராகப் பிரிக்க வரவில்லை, உறையின் ஓரம் கிழிந்தது. தாளை எடுத்து மேசையில் நீவி வைத்தாள். பேர் சரி. வாக்காளர் பட்டியல் எண் சரி. தேதிகூட, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கட்டத்துக்கு ஓர் எண் என்று அழகாக உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார் மனுஷன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாக மலர்ந்தது.

அப்புறம்தான் நடுவில் பார்த்தாள். காலி.

வலது பக்கம், கீழே, அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் அவர் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

அவள் போட்ட குறி இல்லை. அவரே போட்டுக்கொண்ட குறி. சண்டை போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தவருக்குக் குறி இல்லாமல் கையெழுத்துப் போட வரவில்லை. எங்கே என்று கேட்கவும் ஆளில்லை. அவள் எப்போதும் எங்கே போடுவாளோ அங்கே பார்த்துத் தானே ஒரு குறி போட்டு, அதை ஒட்டித் தானே கையெழுத்தும் போட்டிருக்கிறார். அழிக்கவில்லை. அழிப்பது அவள் வேலை அல்லவா?

தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனுஷனை அப்படி ஆக்கி வைத்ததே அவள்தான். சாட்சிக் கையெழுத்துக்காகத் தலைமையாசிரியரிடம் ஒரு நிமிஷம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் போதும். இல்லை, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இவள் கையை நீட்டியிருந்தால் போதும்.

"என்னம்மா?" என்றார் இன்ஜினியர். தாளை எட்டிப் பார்த்தார். பேரைப் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க..."

"எங்க வீட்டுக்காரர்."

அவருக்கு விஷயம் தெரியும். அந்த அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஏஜென்டுங்க யாரும் இல்ல. நான் ஒண்ணும் பாக்கல. சின்ன உறையைச் சரியான கட்டுல வச்சுடுங்க. தாளை நான் பாத்துக்கறேன். ஒரே ஒரு ஓட்டு. இதனால யாருக்கு என்ன குடி முழுகிடப் போகுது?"

முடிவெடுக்கத் தெரியாத மனுஷன் அவளுக்காக எடுத்த முடிவு அது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்ன உறையைக் கையில் எடுத்தாள். சரியான கட்டு அரை அடி தூரத்தில் இருந்தது. உறை லேசாக, ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. உள்ளே அவர் யாருக்குமே சொல்லாத அந்த ரகசியம். திறந்தால், சீட்டோடு சீட்டாக அதுவும் எண்ணப்படும். போனதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். கை அந்தப் பக்கம் போகத்தான் போனது, இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் தள்ளுபடிக் கட்டின் மேலே அந்த நர்ஸின் உறை இருந்தது. அதே தப்பு, அதே இடம். அதற்கு மட்டும் ஒரு சட்டமா? அந்த அம்மாளுக்குப் பென்சில் குறி போட்டுக்கொடுக்க ஓர் ஆள்கூட இல்லாமல் இருந்திருக்கலாம். நர்ஸின் உறையையும் சேர்த்து எடுத்துச் சரியான கட்டில் வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் புத்தி போயிற்று. அப்படியானால் தள்ளுபடியான மற்ற முப்பத்தொன்பது? இருபத்தாறு வருஷமாக வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினவர்கள் எத்தனை பேர்?

"தள்ளுபடி" என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். பதிவேட்டை இழுத்து, காரணம் என்ற இடத்தில், 'உரிய இடத்தில் கையெழுத்து இல்லை' என்று எழுதினாள். எழுத்துகள் கட்டத்தை விட்டு வெளியே போயின.

இன்ஜினியர் தாளை வாங்கிக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பென்சில் குறி ஒண்ணு இருக்கு. அழிக்கணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ஜெயித்தவர் பதினோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். வெளியே வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. பதினோராயிரத்தில் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன? யாருக்கும் அந்த ஓட்டு தேவைப்படவில்லை. தள்ளுபடியான நாற்பத்தொன்றையும் ஒரு சாக்கில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள். கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, திறக்காமலேயே எரித்துவிடுவார்களாம். யாருக்குப் போட்டார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்போதும் மேலே பார்த்துக்கொண்டு சீட்டியடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், அவர் தொடாத அந்த விலக்குப் படிவம் இன்னும் பேப்பர் கட்டோடு கிடந்தது. அதன் எதிரில் அவள் உட்கார்ந்தாள். மகளுக்குக் கேட்கவும் தயக்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்பா ஓட்டு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"நீயே பாத்தியா?"

"நான்தான் பாத்தேன்."

"எப்படி எழுதியிருந்தாரு?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். வாழ்நாளில் ஒரு தாளிலும் பொய் எழுதாதவள்.

"ஒரு தப்பு இல்ல" என்றாள்.

மகளின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "நம்ம அப்பாவா? நிஜமாவா? நீ பக்கத்துல இல்லாமலேயா? யாரு சொல்லிக் குடுத்தா அவருக்கு?"

"நான்தாண்டி" என்றாள் அவள். "எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மகள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.